மனநல மருத்துவமனையில் நாமே போய்ச் சேரும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநல வார்டில் தாமாகவே போய்ச் சேர நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டுவிட்டோம். பதில்கள் தமிழ்நாட்டில் வசிக்கும், 18 வயது நிறைந்தவர்களுக்கானவை. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே இவற்றுக்கு அடிப்படை.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இந்த நிமிடமே அழுத்துகிறது என்றால், இதைப் படித்துத் தயாராக நேரம் செலவிட வேண்டாம். 108-ஐ அழையுங்கள், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். பேச ஆள் வேண்டுமானால் 14416 (டெலி மானஸ்). கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

1. நானே போய் "என்னை அட்மிட் பண்ணுங்க"ன்னு சொன்னா சேத்துப்பாங்களா? வீட்ல யாராவது கையெழுத்து போடணுமா?

சேர்த்துக்கொள்வார்கள். சட்டத்தின் 86-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. மருத்துவர் பார்ப்பது மூன்று விஷயங்களை: உங்கள் நோயின் தீவிரத்துக்கு வார்டில் தங்குவது தேவையா, தங்கினால் பலன் இருக்குமா, எதற்காகச் சேருகிறோம் என்பது உங்களுக்குப் புரிந்து யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கேட்கிறீர்களா. மூன்றுக்கும் "ஆம்" என்றால் உங்கள் கையெழுத்து போதும். உறவினரின் சம்மதமோ, அவர் கூட வந்து நிற்பதோ தேவையில்லை என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது.

நடைமுறை வேறு மாதிரி இருக்கும். பல மருத்துவமனைகள் இன்னமும் "அட்டெண்டர் இல்லாமல் எடுக்க மாட்டோம்" என்கின்றன. பெட்டியோடு வாசலில் நின்று இதைக் கேட்பதைவிட, முன்னாலேயே போனில் கேட்டுவிடுவது நல்லது. உடன் வர உண்மையிலேயே ஆள் இல்லை என்றால், "86-வது பிரிவின்படி நானே சேர வருகிறேன்" என்று சொல்லுங்கள். அப்படியும் மறுத்தால் வேறு மருத்துவமனையைப் பாருங்கள். தளர்ந்துபோயிருக்கும் நேரத்தில் வரவேற்பு மேசையில் வாதாடிச் சக்தியைச் செலவிட வேண்டாம்.

2. கீழ்ப்பாக்கம்தான் போகணுமா?

இல்லை. கீழ்ப்பாக்கத்தில் இருப்பது அரசு மனநலக் காப்பகம். 1794-இல் தொடங்கிய பழைய நிறுவனம் அது. ஆனால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலத் துறை இருக்கிறது. மற்ற நோயாளிகள் வரும் அதே வாசல், அதே ஓ.பி. சீட்டுதான். காலையில் ஓ.பி. நேரத்தில் போனால் மூத்த மருத்துவரைப் பார்க்கலாம், படுக்கை இருக்கிறதா என்பதும் அப்போதே தெரியும்.

தனியார் இடம் என்றால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா? பதிவில்லாத "இல்லங்கள்" இருக்கின்றன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் அப்படி ஓர் இடத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநல மருத்துவர் தினமும் வந்து பார்க்காத இடம் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் அது மருத்துவமனை ஆகாது.

3. போன் பண்ணினா என்னென்ன கேக்கணும்?

படுக்கை காலியா, வார்டு பூட்டிய வார்டா திறந்த வார்டா, ஆண் பெண் வார்டுகள் தனித்தனியா, உடன் ஆள் தங்க வேண்டுமா அல்லது தங்கலாமா, பார்வையாளர் நேரம் எது, போன் வைத்துக்கொள்ளலாமா. மனநல மருத்துவர் ஒரு நாளில் எத்தனை முறை வருவார், இரவில் யார் இருப்பார்கள் என்பதையும் கேளுங்கள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை "ஒரு நாளைக்கு எவ்வளவு" என்று மட்டும் கேட்டால் பாதி பதில்தான் வரும். அந்தத் தொகையில் டாக்டர் வருகைக் கட்டணம், மருந்து, ரத்தப் பரிசோதனை, உளவியல் ஆலோசனை, உணவு, அட்டெண்டருக்கான உணவு எவையெல்லாம் அடக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முன்பணம் எவ்வளவு, முன்கூட்டியே கிளம்பினால் மீதி திரும்ப வருமா என்பதும் முக்கியம். அரசு மருத்துவமனையின் பொது வார்டில் இந்தக் கவலை இல்லை.

4. என்ன பேப்பர் எடுத்துட்டுப் போகணும்?

ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், முன்பு சேர்ந்திருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., காப்பீட்டு அட்டை. சர்க்கரை, தைராய்டு, இதய நோய், வலிப்பு இருந்தால் அவற்றின் சீட்டுகளும் வேண்டும். எல்லாவற்றையும் நகல் எடுத்து ஒரு கோப்பில் போடுங்கள். அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.

மாத்திரைகளை டப்பாவில் கொட்டி எடுத்துப் போகாதீர்கள், அட்டையோடு கொண்டுபோங்கள். பெயரும் மில்லிகிராமும் அட்டையில்தான் இருக்கும். "வெள்ளையா, சின்னதா, ராத்திரி ஒண்ணு" என்பதை வைத்து எந்த மருத்துவரும் மருந்து எழுத முடியாது.

5. பையில என்ன வைக்கணும்?

ஐந்து நாளைக்கான துணி. இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பேண்ட், டி-ஷர்ட், நைட்டி, துப்பட்டா தேவைப்படாத சுடிதார், கழற்றி மாட்ட எளிதான ரப்பர் செருப்பு, ஏசி வார்டு என்றால் ஒரு ஸ்வெட்டர். சொந்த உடையை அணியும் உரிமையைச் சட்டம் தருகிறது. சீருடை போட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தக்கூடாது. பல் துலக்கி, பேஸ்ட், சோப்பு, ஷாம்பு சாஷே, சீப்பு, நாப்கின், கண்ணாடி போடுபவர்கள் மூக்குக்கண்ணாடி. புதிய மருந்துகளில் சில வாயை வறளவைக்கும், சில மலச்சிக்கல் தரும். அதனால் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் அவசியம்.

ஒரு நோட்டு, அதில் முதல் பக்கத்தில் கையால் எழுதிய ஐந்தாறு போன் எண்கள். போனை வாங்கி வைத்துவிட்டால் அம்மாவின் எண்கூட நினைவுக்கு வராமல் தவிப்பவர்கள் நிறையப் பேர். படிக்க இரண்டு லேசான புத்தகம் வையுங்கள். ஆரம்ப நாட்களில் கவனம் நிற்காது, வார இதழ் போதும்.

6. எதையெல்லாம் வாங்கி வெச்சுக்குவாங்க? நாம என்ன குற்றவாளியா?

குற்றவாளி என்பதால் சோதிப்பதில்லை. அதே அறையில், அதே வார்டில், இன்றைக்கு மிக மோசமான நிலையில் வேறொருவர் இருக்கலாம். உங்கள் பையில் உள்ளது அவர் கைக்கும் எட்டும். கழுத்தில் சுற்றக்கூடியவை (பெல்ட், துப்பட்டா, பைஜாமா நாடா, சார்ஜர் வயர், இயர்போன்), வெட்டக்கூடியவை (ரேசர், கத்தரி, நகவெட்டி, கண்ணாடிப் பாட்டில், முகம் பார்க்கும் கண்ணாடி), பற்றக்கூடியவை (தீப்பெட்டி, லைட்டர்), குடித்தால் ஆபத்தானவை (சென்ட், சானிடைசர், மாத்திரை) எல்லாம் போய்விடும். பாலிதீன் பையையும் சில இடங்களில் அனுமதிப்பதில்லை.

தாலிக்கயிறு, அரைஞாண் கயிறு, கழுத்துக் கறுப்புக் கயிறு பற்றித்தான் நிறைய மனக்கசப்பு வருகிறது. இவற்றையும் கழற்றச் சொல்லும் வார்டுகள் உண்டு. போனிலேயே கேட்டு, கழற்ற வேண்டும் என்றால் வீட்டில் உங்களுக்குப் பிடித்த முறையில் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். தங்க நகை எதுவும் வேண்டாம். பணம் சில நூறு ரூபாய் போதும். வாங்கி வைக்கும் பொருட்களுக்குப் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

7. போன் இல்லாம எப்படி?

வெளியுலகத்தோடு பேசும் உரிமை சட்டத்தில் இருக்கிறது, ஆனால் மருத்துவமனையின் விதிகளுக்கு உட்பட்டு. அதனால் சில இடங்களில் மாலை ஒரு மணி நேரம் தருவார்கள், சில இடங்களில் வார்டு போனில் பேசலாம். மற்ற நோயாளிகளைப் படம் எடுத்துவிடக்கூடாது என்பதும் கட்டுப்பாட்டுக்கு ஒரு காரணம்.

போகும் முன் செய்ய வேண்டியது இதுதான்: மின்கட்டணம், வாடகை, கடன் தவணை ஆகியவற்றை முடித்துவிடுங்கள். ஓ.டி.பி. உங்கள் எண்ணுக்கு மட்டுமே வரும் வேலைகளைத் தள்ளிவைக்காதீர்கள். "பத்து நாள் போன் எடுக்க மாட்டேன், நலமாக இருக்கிறேன்" என்று நெருங்கியவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

8. அங்க போய் புதுசா மருந்து தருவாங்களே, இப்ப சாப்பிடற மாத்திரைய நிறுத்திட்டுப் போலாமா?

கூடாது. சேரும் நாளில் நடக்கும் தவறுகளில் இதுதான் ஆபத்தானது. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் குளோனசெபாம், லோராசெபாம், அல்ப்ரசோலம் போன்றவற்றைப் பல வாரம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். லித்தியம் சாப்பிடுபவர்கள் கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். ரத்தத்தில் அதன் அளவைக் கடைசி வேளைக்கு 12 மணி நேரம் கழித்துத்தான் சரியாகப் பார்க்க முடியும். லித்தியத்தோடு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளைச் சேர்த்தால் அளவு ஏறும். வாந்தி, பேதியில் உடல் வறண்டாலும் ஏறும். நடந்திருந்தால் சொல்லிவிடுங்கள்.

குளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக்கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து ஏற்ற வேண்டும். இரண்டு நாள் மறந்ததை மறைத்து "தினமும் போடறேன்" என்று சொன்னால், பழைய முழு அளவு கொடுக்கப்பட்டு ரத்த அழுத்தம் சட்டென்று விழலாம். சிகரெட்டும் இங்கே சேர்கிறது. புகை, குளோசபினையும் ஓலான்சபினையும் உடலில் வேகமாகக் கரைக்கிறது. வார்டில் புகைக்க முடியாமல் நிறுத்தியதும் அதே மாத்திரை அதிக அளவு போல வேலை செய்யும். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்ற உண்மையான எண்ணிக்கை மருத்துவருக்கு வேண்டியது இதற்காகத்தான்.

மது பற்றியும் அப்படியே. தினமும் குடிப்பவர் நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பும், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் குழப்பமும் உடல் நடுக்கமும் வரலாம். உயிருக்கே ஆபத்தானது, ஆனால் முன்பே தெரிந்தால் தடுக்கக்கூடியது. கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். நாட்டு மருந்து, சித்த மருந்து, உடல் எடைக்குச் சாப்பிடும் பொடி, கஞ்சா எதையும் விட வேண்டாம். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகமே போதும், அதையும் சொல்லுங்கள். வால்ப்ரோயேட் போன்ற மருந்துகள் கருவைப் பாதிக்கும்.

9. டாக்டர் முன்னாடி உக்காந்ததும் எல்லாம் மறந்துடுது. என்ன சொல்றது?

ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். எப்போதிலிருந்து, முதலில் மாறியது எது (தூக்கமா, பசியா, கோபமா), இப்போது எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், கடைசியாக ஒழுங்காகச் சாப்பிட்டது எப்போது, முன்பு எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை, ஏன். குடும்பத்தில் யாருக்காவது இதே மாதிரி வந்திருந்தால் அது. எட்டாம் கேள்வியில் சொன்ன மது, சிகரெட் கணக்கு. பேச முடியவில்லை என்றால் தாளை நீட்டிவிடலாம்.

இறக்க வேண்டும் என்ற எண்ணம், காதில் கேட்கும் குரல், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டது போன்றவற்றைச் சொன்னால் பிரச்சினையாகிவிடும் என்று பயந்து விட்டுவிடுகிறார்கள். பாதுகாப்பாக எந்த வார்டில், எவ்வளவு கவனிப்போடு வைப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்வதே அவற்றைக் கொண்டுதான். முன்பு தற்கொலைக்கு முயன்றதைச் சொல்வதால் வழக்கு வரும் என்ற பயமும் வேண்டாம். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே சட்டத்தின் 115-வது பிரிவு கொள்கிறது.

10. முதல் நாள் என்ன நடக்கும்?

நிறையக் காத்திருப்பு நடக்கும். ஓ.பி.யில் பேசி, படிவத்தில் கையெழுத்திட்டு, பையைச் சோதித்து, எடை, ரத்த அழுத்தம் பார்த்து, ரத்தம் எடுத்து, ஈ.சி.ஜி. போட்டு, படுக்கைக்குப் போகவே நாலைந்து மணி நேரம் ஆகலாம். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அதே கதையைப் பயிற்சி மருத்துவர், செவிலியர், மூத்த மருத்துவர், உளவியலாளர் என்று நான்கு பேர் கேட்பார்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஒவ்வொருவரும் வெவ்வேறு காரணத்துக்காகக் கேட்கிறார்கள்.

அன்று இரவு தூக்கம் வராமல் போவது சகஜம். விளக்கு முழுதாக அணையாது, செவிலியர் வந்து வந்து பார்ப்பார். "தப்பு பண்ணிட்டோமோ" என்ற எண்ணம் பெரும்பாலும் அந்த இரவில்தான் வரும். விடியும்வரை எந்த முடிவும் எடுக்காமல் இருப்பது நல்லது.

11. எத்தனை நாள் ஆகும்?

நோயைப் பொறுத்தது. மருந்து மாற்றி விளைவு பார்க்க ஒரு வாரம் போதும் என்பவர்களும் உண்டு, மூன்று நான்கு வாரம் ஆகிறவர்களும் உண்டு. மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யவே 2 முதல் 4 வாரம் ஆகும். அதனால் முழுதாகக் குணமான பிறகு வீடு என்று எதிர்பார்க்காதீர்கள். ஆபத்துக் கட்டம் தாண்டி, தூக்கமும் சாப்பாடும் நிலைபட்டால் அனுப்பிவிடுவார்கள்.

12. கரண்ட் ஷாக் வெச்சிடுவாங்களா?

உங்கள் சம்மதம் இல்லாமல் வைக்க முடியாது. தானாகச் சேர்ந்தவருக்கு எந்தச் சிகிச்சையானாலும் விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்கியே தர வேண்டும். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் ஈ.சி.டி. (கரண்ட் ஷாக்கின் மருத்துவப் பெயர்) தருவதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. திரைப்படங்களில் துள்ளித் துடிக்கும் காட்சியை நினைத்துப் பயப்பட வேண்டாம். மயக்கத்தில் இருப்பீர்கள், உடல் பெரிதாக அசையாது.

மருத்துவர் பரிந்துரைத்தால் கேளுங்கள்: எத்தனை முறை (வழக்கமாக வாரத்துக்கு 2 அல்லது 3, மொத்தம் 6 முதல் 12), ஏன் மாத்திரை போதவில்லை, ஞாபகமறதி எவ்வளவு இருக்கும். சாப்பிடாமல், குடிக்காமல் இருக்கும் அளவுக்குப் போன மனச்சோர்வில் இது வேகமாகப் பலன் தரும் சிகிச்சை. அந்தந்த நாட்களை ஒட்டிய நினைவுகள் மங்கும் என்பதும் உண்மை. இரண்டையும் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

13. கட்டிப் போடுவாங்களா? மொட்டை அடிப்பாங்களா?

சங்கிலி எந்த வடிவிலும் கூடாது. கட்டாய மொட்டையும் கூடாது. யாருக்காவது உடனடி ஆபத்து, தடுக்க வேறு வழியே இல்லை என்ற நிலையில் மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் கட்டலாம். தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறைக்காகவோ கூடாது. வார்டு வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் கூடாது. மீறினால் முதலில் பொறுப்பு மருத்துவரிடம், பிறகு மனநல மறுஆய்வு வாரியத்திடம் புகார் தரலாம். இலவசச் சட்ட உதவி பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு.

14. நானா போய் சேந்தா நானா வெளிய வந்துடலாம்தானே?

பெரும்பாலும் ஆம். கேட்டால் அனுப்ப வேண்டும் என்பதே விதி. எழுத்தில் கேளுங்கள், தேதியும் நேரமும் போடுங்கள்.

விதிவிலக்கை உள்ளே போகும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் உங்களைக் காயப்படுத்திக்கொள்ள முயன்றிருந்தாலோ மிரட்டியிருந்தாலோ, பிறரிடம் வன்முறையாக நடந்திருந்தாலோ, உங்களைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தாலோ, முடிவைப் புரிந்து எடுக்க முடியாத அளவு நோய் இருந்தாலோ, 24 மணி நேரம் வரை நிறுத்தி மதிப்பிடலாம். அதற்குள் விடுவிக்க வேண்டும், அல்லது 89-வது பிரிவின்கீழ் ஆதரவு அட்மிஷனாக (நீங்கள் கேட்டு அல்லாமல், உங்கள் பிரதிநிதி விண்ணப்பித்து உங்களை வைத்திருப்பது) மாற்ற வேண்டும். மாற்ற வேண்டுமானால் இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், ஒருவர் மனநல மருத்துவர். அதிகபட்சம் 30 நாள். வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும், நீங்கள் மேல்முறையீடு செய்யலாம்.

15. அப்படி மாத்தினா யாரு எனக்காகப் பேசுவாங்க?

நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை விஷயத்தில் உங்களுக்காகப் பேச நீங்கள் எழுதி வைக்கும் ஆள். 89-வது பிரிவில் விண்ணப்பிப்பவரும் அவர்தான் என்பதால், யார் என்பதில் கவனம் தேவை. நீங்கள் எழுதி வைக்காவிட்டால் வரிசைப்படி உறவினருக்குப் போய்விடும். உறவினர் அல்லாத நண்பரையும் நியமிக்கலாம். 18 வயது நிறைந்திருக்க வேண்டும், அவர் சம்மதிக்க வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து அல்லது கைநாட்டு வைத்தால் போதும். ஒரு நகல் அவரிடம், ஒரு நகல் நான்காம் கேள்வியில் சொன்ன கோப்பில். தெளிவாக இருக்கும் இன்றைக்கே எழுதிவிடுங்கள்.

16. இன்சூரன்ஸ் தருமா?

உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது சட்டம். 2018 ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் நிறுவனங்களுக்கு இதைச் சொல்லிவிட்டது. ஆனாலும் கோரிக்கை மறுக்கப்படும் இடங்கள் இரண்டு. ஒன்று, முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம். இன்னொன்று, மது, போதைப் பழக்கச் சிகிச்சை. பல பாலிசிகளில் இது விலக்கு. மனச்சோர்வும் குடியும் சேர்ந்திருந்தால் சேர்க்கைக்கு எது முதன்மைக் காரணம் என்று மருத்துவர் உள்ளபடி தெளிவாக எழுதுவது அவசியம். பணமில்லாச் சேவைக்கு (கேஷ்லெஸ்) முன்கூட்டியே ஒப்புதல் கேளுங்கள்.

இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்குத் தகுதி இருந்தால் நோய்க்கால உதவித்தொகை உண்டு. தீவிர மனநோய்களுக்கு நீட்டிக்கப்பட்ட உதவியும் உண்டு.

17. ஆபீஸ்ல என்ன சொல்றது?

"மருத்துவமனையில் சேர வேண்டியிருக்கிறது, இத்தனை நாள் விடுப்பு வேண்டும்." அவ்வளவு போதும். உங்கள் அனுமதி இல்லாமல் மருத்துவமனை அலுவலகத்திடம் எதுவும் சொல்லக்கூடாது. மருத்துவச் சான்றில் நோயின் பெயரைத் தவிர்க்க முடியுமா என்று டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாளே கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை அலுவலகத்தில் கொடுத்துவிடாதீர்கள், அதில் எல்லாம் இருக்கும்.

18. கைக்குழந்தை இருக்கு. எப்படிப் போறது?

3 வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் மட்டும் பிரிக்கலாம், அந்த முடிவையும் 15 நாளுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். ஆனால் தாயும் குழந்தையும் தங்க வசதியுள்ள வார்டு எல்லா ஊரிலும் இல்லை. தேட நேரம் ஒதுக்குங்கள். பால் கொடுப்பதை முதலிலேயே சொன்னால் அதற்கேற்ற மருந்தாகப் பார்ப்பார்கள்.

பெரிய பிள்ளைகளிடம் "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருந்து சரியானதும் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் தங்களால்தான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

19. வீட்ல "நீயா வந்த மாதிரி ஒரு கையெழுத்துப் போடு"ன்னு வற்புறுத்தறாங்க. போடலாமா?

அது முதல் கேள்வியில் சொன்ன "வற்புறுத்தல் இல்லாமல்" என்பதற்கு நேர் எதிர். மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள், தனியே இருக்கும்போது இதைச் சொல்லுங்கள். கட்டாயத்தில் போட்ட கையெழுத்து என்று தெரிந்தால் அவர் இந்தப் பிரிவில் சேர்க்கக்கூடாது.

அதே நேரம், பல நாள் தூங்காமல் இருந்தவருக்குத் தன் நிலை தெரியாமல் போவதும் உண்டு. கையெழுத்தை மறுத்தாலும் பரிசோதனையை மறுக்காதீர்கள். குடும்பம் தேர்ந்தெடுத்த இடத்தில் நம்பிக்கை இல்லை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி ஓ.பி.யில் இன்னொரு மருத்துவரைப் பார்க்கலாம்.

20. டிஸ்சார்ஜ் ஆகறப்போ என்ன கேட்டு வாங்கணும்?

டிஸ்சார்ஜ் சம்மரி, எந்த மாத்திரை எந்த வேளை என்று புரியும் எழுத்தில் ஒரு அட்டவணை, அடுத்த முறை பார்க்கும் தேதி வரைக்குமான மருந்து. அந்தத் தேதி ஒரு வாரத்துக்குள் இருக்கட்டும். பழைய மாத்திரைகளில் எவை நிறுத்தப்பட்டன என்பதையும் எழுதி வாங்குங்கள். வீட்டில் மீதி இருக்கும் பழைய அட்டைகளையும் சேர்த்துப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் மறுபடி தலைதூக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் வருவதற்கு முன்பே பூச்சிமருந்து, எலி பேஸ்ட், பழைய தூக்க மாத்திரைகள் வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டும். இதை நம்பகமான ஒருவரிடம் சேரும் நாளன்றே சொல்லிவிட்டுப் போங்கள். புது மாத்திரைகளையும் ஆரம்பத்தில் அவரே வைத்திருந்து வாராவாரம் எடுத்துத் தரட்டும். லித்தியம், குளோசபின் தொடங்கியிருந்தால் அடுத்த ரத்தப் பரிசோதனைத் தேதியை அவருடைய போனிலும் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.